எலும்புச் சாம்பலாம், இலவசமாம்!

வங்கியில் இருந்த காலத்தில் நகைக்கடன் பழக்கத்தில் அறிமுகமான தம்பி ஒருவர், இப்போது ஹால்மார்க் சென்டரில் வேலை பார்க்கிறார். போன மாசம் கீழ்பென்னாத்தூர் வந்தவர் என் மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துவிட்டு, "சார், எங்ககிட்ட எலும்புச் சாம்பல் நாலு மூட்டை சும்மா கிடக்கு. மணிச்சத்து வேணும்னீங்களே, எடுத்துக்குங்க" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனாலும், அது எதற்குப் பயன்பட்ட சாம்பல் என்று கேட்டேன்.

நாங்கள் உரைகல்லில் உரசிப் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள். ஹால்மார்க் சோதனை வேறு. நகையில் சுரண்டிய துளிப் பொன்னோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சுவார்கள். ஈயம், செம்பு முதலான கலப்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே இறங்கிவிடும். கொஞ்சம் புகையாகப் போகும். பொன்னும் வெள்ளியும் மட்டும் மணியாக நிற்கும். அந்தக் கிண்ணம் எலும்புச் சாம்பலிலோ மெக்னீசியாவிலோ செய்தது. ஏறக்குறைய தன் எடை அளவுக்கே ஈயத்தைக் குடிக்கும்!

பழைய வங்கிக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? மக்கு உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. கிண்ணத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈயம் என்று குறைத்தே வைப்போம். 10 கிலோ தூளில் 1 கிலோ ஈயம். 10 டன் மக்கு உரத்தை வரம்பில் கொண்டுபோய் நிறுத்த அதுவே போதும். ஈயம் மக்காது, மேல்மண்ணிலேயே தங்கும். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணோடு பிள்ளைகள் வாய்க்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தொழுஉரம் போட்டால் பயிர் இழுப்பது குறையலாம். ஈயம் போகாது.

அதற்காக அது வீண் குப்பையும் அல்ல. கிண்ணங்களை நொறுக்கி, சோடா உப்பு, வெண்காரம், கரித்தூள் சேர்த்து உருக்கினால், கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஈயம் உலோகமாக அடியில் இறங்கும், சாம்பல் கசடாக மேலே நிற்கும். சுத்தம் செய்தால் பேட்டரித் தகட்டுக்கே போகலாம். ஆனால் இதைப் புகைவடிகட்டி உள்ள, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த ஆலையில்தான் செய்யணும். பழைய பேட்டரியை ஊர்ப்புறத்தில் அடுப்பு மூட்டி உருக்குகிறவர்களும் உண்டு. அந்தப் புகை நம்ம வயலிலும் ஏரியிலும்தான் படியும்.

இதைச் சொன்னதும் தம்பி முகம் மாறிவிட்டது. "ஏற்கெனவே ரெண்டு மூட்டையை ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு சார்."

ரெண்டு பேரும் வண்டியில் கிளம்பிப் போனோம். ஒன்று கொட்டகையில் பிரிக்காமல் கிடந்தது. இன்னொன்றை அரைக்கீரைப் பாத்தியில் தூவிவிட்டிருந்தார். மேல்மண்ணை வழித்து மூட்டை கட்டி, சாம்பலோடு சேர்த்து அந்த மாதிரி ஆலைக்கே அனுப்பச் சொன்னோம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். வழக்கமான மண் பரிசோதனையில் ஈயம் பார்க்க மாட்டார்கள், தனியாகக் கேட்டு வாங்கணும். முடிவு வரும்வரை அந்தப் பாத்திக் கீரையைப் பறிக்க வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.