அச்சத்தால் விலை இறங்கிய போர்ஷே

போர்ஷே 911-இன் பழைய மாடல்கள் சந்தையில் மளமளவென்று விலை ஏறிய காலத்தில், ஒரு தலைமுறை மட்டும் நெடுநாள் அடிமட்ட விலையிலேயே கிடந்தது. 1997-இல் அறிமுகமான, 996 என்ற எண்ணால் அறியப்படும் கார் அது. செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புபவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொண்டால், எந்தக் காரிலும் கொடுக்கும் பணத்துக்கு உரிய மதிப்பைத் தேடி எடுக்கலாம்.

ஏன் மலிந்தது?

1963 முதல் 911-இன் இன்ஜினைக் காற்றே குளிர்வித்து வந்தது. 996-இல் அது தண்ணீருக்கு மாறியது. செலவைக் குறைப்பதற்காக, முன்விளக்கு உட்பட முகப்புப் பகுதியை விலை குறைந்த பாக்ஸ்டர் காருடன் பகிர்ந்துகொண்டார்கள். பழைய ரசிகர்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. இவை ரசனை சார்ந்தவை. காரின் ஓட்டத்தை இவை கெடுக்கவில்லை. விலையை உண்மையில் இறக்கியது ஒரு சிறிய பேரிங்.

பேரிங்கில் என்ன சிக்கல்?

இன்ஜினுக்குள் டைமிங் செயின்களை இயக்கும் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸ் அடைத்து மூடியிருப்பார்கள். நாளடைவில் மூடியின் சீல் தளர, இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அத்தோடு இன்ஜின் போயிற்று. ஆரம்பக்கால கார்களில் இருந்த இரட்டை வரிசை பேரிங்கைவிட, பின்னர் வந்த ஒற்றை வரிசை பேரிங் பலவீனமானது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் தொடர்பாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு, 2013-இல் சமரசத்தில் முடிந்தது.

பெரும்பாலான கார்களில் அது உடையவே இல்லை. ஆனால் அச்சம் எல்லாக் கார்களின் விலையையும் சேர்த்தே இறக்கியது. லாபம் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான். கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றும்போதே மேம்பட்ட பேரிங்கையும் போட்டுவிடலாம். அப்படிப் போட்டதற்கு பில் இருக்கும் காரில், அச்சத்துக்கான காரணம் நீங்கியிருக்கும். அந்தச் செலவையும் முந்தைய ஓனரே ஏற்றிருப்பார். "பேரிங் மாத்தியாச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. தேதி, கிலோமீட்டர், பாகத்தின் பெயர் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்.

எதையெல்லாம் பார்ப்பது?

பல்லையும் சுழியையும் பார்க்காமல் மாடு பிடிக்காதவர்கள் நாம். காரிலும் அந்தக் கவனம் வேண்டும். இந்த இன்ஜினை நன்கு அறிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பார். சிறு கேமராவை உள்ளே விட்டு, சிலிண்டர் சுவரில் கீறல் தேடுவார். புகைபோக்கிக் குழாய்களில் ஒன்று மட்டும் அதிகமாகக் கரி பிடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஜினின் கணினி இன்னும் பல உண்மைகளைச் சொல்லும். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டாவதைப் போட்டு, இன்ஜினை எல்லை மீறிச் சுழல விட்டிருந்தால் அது பதிவாகியிருக்கும். இன்ஜின் ஓடிய மணி நேரமும் இருக்கும். மீட்டர் 90,000 கிலோமீட்டர், கணினி 1,800 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், இது இயல்பு. 60,000 கிலோமீட்டருக்கு 2,400 மணி நேரம் என்றால் சராசரி 25தான். நகர நெரிசலிலேயே ஓடிய காராக இருக்கலாம். மீட்டரைத் திருப்பியும் இருக்கலாம். பழைய சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

குறைவாக ஓடிய கார் நல்லதா?

அப்படி நம்பித்தான் பலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் காய்ந்திருக்கும், டயர் இறுகியிருக்கும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஒழுங்காக ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றிய கார் பெரும்பாலும் மேலானது.

வேறு வழி உண்டா?

உண்டு. 996-இன் டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த பந்தய இன்ஜின் பரம்பரை. இந்த பேரிங் சிக்கல் அவற்றில் இல்லை. 2009 மாடல் 911-இல் வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டே கிடையாது. இந்த நிம்மதிக்கும் சேர்த்தே விலை கேட்பார்கள்.

கார் விலை இறங்கினாலும் உதிரிபாக விலை இறங்காது. மஞ்சள் காலிப்பரோடு வரும் செராமிக் பிரேக் டிஸ்க்குகளை மாற்ற நேர்ந்தால் பேரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். ஆகவே கையிலுள்ள தொகை முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாமல், முதல் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஆய்வுக்கு விற்பவர் மறுத்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அந்தக் கார் வேண்டாம்.