காவிரிப் படுகையின் நேரடி இசை மரபுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகை நெல்லுக்கும் இசைக்கும் பெயர் பெற்றது. இங்கு வயல், கோயில் வீதி, துக்க வீடு, ஆற்றங்கரை என ஒவ்வோர் இடத்திற்கும் உரிய இசை உண்டு. பாடுபவரும் கேட்பவரும் ஓரிடத்தில் கூடுவதே நேரடி இசையின் அடிப்படை. அப்படிக் கூடும் உரிமை யாருக்கு உண்டு என்பது இம்மரபுகளின் வரலாற்றில் முக்கியமான கேள்வியாக இருந்துள்ளது.

வயலில்

நடவு நடும் பெண்கள் பாடுவது நடவுப் பாட்டு. ஒருவர் முதலடியைப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவர், இடையிடையே குலவையிடுவர். தாளம் கைகளின் வேகத்தை ஒன்றாக்குவதால் வரிசை சீராக நகரும். குனிந்த முதுகின் வலியும் சற்று மறக்கும். கேட்பவர் என்று தனியே எவரும் இல்லாத இசை இது. நடவு இயந்திரங்கள் வந்தபின் இப்பாட்டு அருகி வருகிறது.

வீதியில்

நாதசுவரமும் தவிலும் திறந்த வெளிக்கான கருவிகள். சாமி புறப்பாட்டில் மல்லாரி ஒலித்தால் வீட்டிற்குள் இருப்பவரும் வாசலுக்கு வந்துவிடுவர். ராகம் தெரிந்தவரும் தெரியாதவரும் கட்டணமின்றிச் சேர்ந்து கேட்கும் இசை இது. தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யப்படும் நாதசுவரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோடி ராகத்திற்குப் புகழ்பெற்ற திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இக்கலைக்கும் கலைஞர்களுக்கும் சமூக மதிப்பைத் தேடித் தந்தார். ஆந்திரத்தில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறி அப்பாணியின் சிறந்த கலைஞராக விளங்கினார். கலைக்கு முன் மதம் தடையாக நிற்கவில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

சாவு வீட்டில் ஒலிக்கும் தப்பு, ஊரைத் துக்கத்திற்கு அழைக்கும் கருவி. அதை அடித்தவர்களோ சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டனர். இன்று தப்பாட்டம் கல்லூரி விழாக்களிலும் கலை மேடைகளிலும் இடம்பெறுகிறது.

ஆற்றங்கரையில்

தியாகராஜர் (1767–1847) திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்து மறைந்தவர். அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி திதியில் ஆண்டுதோறும் அங்கு ஆராதனை நடைபெறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை நடத்திய குழுக்கள் பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை.

தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952), பாழடைந்திருந்த சமாதியைக் கண்டு வருந்தி, தம் சொந்த வருவாயில் 1920களில் அங்குக் கோயில் எழுப்பினார். தாம் கட்டிய கோயிலின் விழாவிலேயே தமக்குப் பாட இடமில்லாத நிலையில், பெண்களுக்கெனத் தனி ஆராதனையைத் தொடங்கினார். பிரிந்திருந்த குழுக்கள் 1940களின் தொடக்கத்தில் ஒன்றிணைந்தன. பெண்களுக்கும் பாடும் உரிமை கிடைத்தது.

இன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் ஒரே சுருதியில் சேர்ந்து பாடுகின்றனர். தனிக்கச்சேரியில் ஒருவரின் கற்பனைக்கே முதலிடம். இங்கோ புகழ்பெற்ற வித்துவானும் இளம் மாணவியும் அருகருகே அமர்ந்து ஒரே சுரவரிசையைப் பாடுகின்றனர். சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் நினைவிடம் அமைந்துள்ளது.