முதியோர் நலனும் இணையமும்



தோட்டத்தில் உழைத்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஓர் ஆள் வரவில்லை என்றால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். காய்ச்சலா, கால்வலியா என்று அடுத்த வீட்டுக்காரரிடம் தண்டல் விசாரிப்பார். அது வேலைக்காக எடுத்த கணக்குத்தான். அன்புக்காக எடுத்த கணக்கன்று. ஆயினும், ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு அது ஒரு வழியாக இருந்தது.

ஓய்வு பெற்றபின் அந்தப் பெயர் புத்தகத்திலிருந்து நீங்குகிறது. அதன்பிறகு காலையில் அவர் எழுந்தாரா, சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்று கேட்பவர் யார்? முதியோர் நலன் என்பதன் அடிப்படையே இந்தக் கேள்விதான். இணையம் என்னும் புதிய வசதி இதற்கு எந்த அளவுக்குத் துணை செய்யும், எந்த இடத்தில் துணை செய்யாது என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நாங்கள் பணியாற்றும் பைராம் தோட்டம் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கு அருகே உள்ளது. இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் கரும்பையும், பின்னர் ரப்பரையும், இப்போது செம்பனையையும் பார்த்தவை. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கியது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் வந்தது. பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். சிலர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அது குற்றமன்று, பிழைப்பு அப்படி. ஆனால் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தனித்துப் போனார்கள் என்பது உண்மை.

நமது நாட்டில் 60 வயதை எட்டியவரை மூத்த குடிமகன் என்று கணக்கிடுகிறோம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதும் 60 என்று 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. 60 வயதில் கையில் வேலை இல்லை. வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அருகில் பிள்ளை இல்லை. இந்த நிலையில்தான் கைத்தொலைபேசி வீட்டிற்குள் வருகிறது.

இணையம் என்றால் என்ன? தபால் போக்குவரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அனுப்பும் குரலையும் எழுத்தையும் படத்தையும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, பல வழிகளில் அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் மீண்டும் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும் ஏற்பாடுதான் அது. தபால்காரர் மூன்று நாளில் செய்ததை அது ஒரு நொடியில் செய்கிறது. அவ்வளவே. கடிதம் எழுத ஆள் இல்லை என்றால் தபாலாபீஸ் இருந்தும் பயனில்லை அல்லவா? இணையமும் அப்படித்தான்.

இதன் பயனை நாம் கண்கூடாகக் கண்டது கோவிட் காலத்தில். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் மைசெஜாதெரா என்னும் செயலியை வெளியிட்டது. 2021இல் தடுப்பூசிக்குப் பெயர் பதியும் நேரம் வந்தபோது, முதியவர்கள் பலரிடம் அதற்கேற்ற கைத்தொலைபேசி இல்லை. ஆனால் ஒருவர் தமது செயலியிலேயே தம்மைச் சார்ந்தவர்களின் பெயரையும் பதிய வழி இருந்தது. பேரனின் கைத்தொலைபேசியில் பாட்டியின் பெயர் ஏறியது. நாளும் இடமும் அதிலேயே வந்தன. அந்தப் பேரன் இல்லாத வீட்டில் என்ன நடந்திருக்கும்? யாராவது ஒருவர் கிளினிக்குக்கு நேரில் போயோ வேறு வழியிலோ பதிய வேண்டியிருந்தது. வசதி ஒன்றே, பக்கத்தில் ஆள் இருந்த வீட்டுக்கு ஒரு பலன், இல்லாத வீட்டுக்கு வேறு பலன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நமது முதியோருக்குத் தேவையான சில காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உதவித்தொகை. சமூக நல இலாகா மூத்த குடிமக்களுக்கு மாதாந்தர உதவி வழங்குகிறது. 2021ஆம் ஆண்டு முதல் மாதம் 500 வெள்ளியாக இருந்த இத்தொகை 2025ஆம் ஆண்டில் 600 வெள்ளியாக உயர்ந்தது. 60 வயதை எட்டிய, போதிய வருமானமில்லாத, ஆதரிக்கப் பிள்ளைகள் இல்லாத அல்லது இருந்தும் அவர்களால் ஆதரிக்க இயலாத குடிமக்கள் இதற்கு மனுச் செய்யலாம். இலாகாவின் இ-பந்துவான் என்னும் இணையத்தளத்தில் மனுப் பாரம் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்திற்கு நேரில் போயும் கொடுக்கலாம். பாரம் மலாய் மொழியில் இருக்கும். இங்கேதான் பள்ளிப் பிள்ளைகள் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை மலாயில் வாசித்து, தமிழில் பாட்டிக்குச் சொல்லலாம். மனுவை நிரப்புவது மட்டும் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்கட்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய குடியுரிமைச் சிக்கலை எந்தச் செயலியும் தீர்த்துவிடாது. பழைய பிறப்புப் பத்திரம், பெற்றோர் பத்திரம் ஆகியவற்றைத் தேடி எடுத்து, தேசியப் பதிவு இலாகாவுக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, கைரேகை. 2001ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் மைகார்ட் அட்டையின் சில்லில் நமது இரு கட்டைவிரல் ரேகைகளும் பதிவாகியுள்ளன. பல கவுண்டர்களில் கட்டைவிரலை இயந்திரத்தின்மேல் வைக்கச் சொல்கிறார்கள். ரேகையின் மேடும் பள்ளமும் தெளிவாக இருந்தால்தான் இயந்திரம் ஆளை அடையாளம் காணும். இருபது முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய கை, உரம் போட்ட கை, அரிவாள் பிடித்த கை எப்படி இருக்கும்? ரேகை தேய்ந்திருக்கும். வயதாக ஆகத் தோலும் மெலிந்து வறண்டு போகும். இயந்திரம் திரும்பத் திரும்ப மறுக்கும்போது முதியவர் கூனிக்குறுகி நிற்கிறார். தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணுகிறார். தவறு அவருடையதன்று. அது உழைப்பின் அடையாளம். கையைக் கழுவித் துடைத்து, தோல் மிகவும் வறண்டிருந்தால் சிறிது ஈரப்பதமாக்கி, மற்றக் கட்டைவிரலை வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் வேறு எந்த வகையில் அடையாளத்தை உறுதி செய்யலாம் என்று அலுவலரைப் பணிவாகவும் தயங்காமலும் கேட்க வேண்டும்.

இந்தியாவிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். நடக்க முடியாதவர்களும் வங்கிக்கு வந்து வரிசையில் நின்றார்கள். 2014ஆம் ஆண்டு நவம்பரில் ஜீவன் பிரமாண் என்னும் திட்டம் வந்தது. கைரேகையைக் கொண்டு இணையத்தின் வழி சான்று தரலாம் என்றார்கள். ரேகை தேய்ந்தவர்கள் அப்போதும் திண்டாடினார்கள். பின்னர் 2021ஆம் ஆண்டு நவம்பரில், கைத்தொலைபேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வழி வந்தது. மனிதருக்கு ஏற்றபடி கருவி மாற முடியும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, உடல்நலம். இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் உள்ள முதியவருக்கு மருந்து தவறாமை மிக முக்கியம். கைத்தொலைபேசியில் மணி அடிக்க வைத்து மருந்து நேரத்தை நினைவூட்டலாம். மருந்துப் பையின் மேலுள்ள சீட்டைப் படம் எடுத்து வெளியூரிலுள்ள மகளுக்கு அனுப்பினால், அவள் வாசித்து எந்த மாத்திரை எப்போது என்று குரலிலேயே சொல்லலாம். ஆனால் கைத்தொலைபேசியில் வரும் வைத்தியக் குறிப்புகளை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரை வேண்டாம் என்று யார் அனுப்பினாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது கணினிப் பதிவில் இருக்கிறது. ஆனால் மருந்தை வாசலுக்குக் கொண்டுவருவதும், இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதும் அந்த ஊர்ப் பக்கத்துப் பெண் தொண்டர்களே. பட்டியலை இயந்திரம் வைத்துக்கொள்கிறது. கதவைத் தட்டுவது மனிதர்.

ஜப்பானியரும் இதே பாடத்தைத்தான் கற்றார்கள். அங்கே முதியவர்கள் தனியே வாழ்ந்து யாருக்கும் தெரியாமல் இறந்துபோவது பெரும் கவலையாக இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் சொஜிருஷி என்னும் நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெண்டியை வெளியிட்டது. முதியவர் தேநீருக்கு வெந்நீர் எடுப்பதைக் கெண்டி குறித்துக்கொண்டு, வெளியூரிலுள்ள பிள்ளைக்குச் செய்தி அனுப்பியது. வெந்நீர் எடுக்கவில்லை என்று தெரிந்தால் பிள்ளை உடனே விசாரிக்க முடிந்தது. கெண்டியால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்தால்தான் அந்தச் செய்திக்குப் பொருள்.

விலையுயர்ந்த கெண்டி நமக்குத் தேவையில்லை. பெரட்டு எடுக்கத் தெரிந்த மக்கள் நாம். வெளியூரிலுள்ள மகனோ மகளோ தினமும் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பெற்றோரைக் கூப்பிடட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வாட்ஸ்அப்பில் வழியுண்டு; ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் குரல் போய்ச் சேரும். பதில் வரவில்லை என்றால் போய்ப் பார்க்க, அடுத்த வீட்டுக்காரர் ஒருவரின் எண்ணை அந்தப் பிள்ளை கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். பிள்ளையே இல்லாத முதியவருக்கு இந்தக் கடமையைப் பக்கத்து வீடுகள் முறைவைத்து ஏற்றுக்கொள்ளலாம்.

பழைய கைத்தொலைபேசியைத் தாத்தாவுக்குக் கொடுக்குமுன் அது 4ஜி அலையில் இயங்குமா என்று பாருங்கள். நமது நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கி, ஒலியைக் கூட்டி, வேண்டாத படங்களை நீக்கி, நான்கைந்து முகங்களை மட்டும் முன்பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். கற்றுக்கொடுக்கும்போது கையிலிருந்து பிடுங்கி நீங்களே செய்துகாட்டாதீர்கள். அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் முதியோர் போன்றோருக்கு இவற்றைக் கற்பிக்க ஏறத்தாழ ஆயிரம் பேரை வேலைக்கு அமர்த்த முனைந்தார்கள். நமது நாட்டில் நாடி என்னும் இணைய மையங்கள் இருக்கின்றன. பக்கத்தில் மையம் இருந்தால் முதியவரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, எச்சரிக்கை. இணையம் உறவினரை வீட்டுக்குள் கொண்டுவருவது போலவே திருடரையும் கொண்டுவருகிறது. போலீஸ் என்றும், நீதிமன்றம் என்றும், வங்கி என்றும் சொல்லி மிரட்டுவார்கள். ஊழியர் சேமநிதியில் முப்பது ஆண்டு சேர்த்த பணம் அரைமணி நேரத்தில் போய்விடும். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எந்த அலுவலரும் தொலைபேசியில் கேட்கமாட்டார். கேட்டால் அவர் திருடர். தொலைபேசியை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. விரைந்து சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து வைக்க வாய்ப்புண்டு.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். பாட்டியின் வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் பேரன் கையில் இருப்பது பல வீடுகளில் வழக்கமாகி வருகிறது. உதவி செய்வது வேறு. பணத்தை வைத்துக்கொள்வது வேறு. அந்த 600 வெள்ளி பாட்டியுடையது. எடுத்த ஒவ்வொரு முறையும் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். பாட்டி தாமே வங்கிக்குப் போக விரும்பினால் தடுக்கவும் கூடாது. முதியவரைப் புறக்கணிப்பதோ துன்புறுத்துவதோ உங்கள் கண்ணில் பட்டால், 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் சொல்லலாம்.

நேயர்களே, இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்கள் நடக்கட்டும். ஓர் அட்டையில் வெளியூர்ப் பிள்ளையின் எண், அடுத்த வீட்டாரின் எண், 999, 997, 15999 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டு முதியவர் உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவரா என்று பார்த்து, தகுதியிருந்தால் மனுவைப் போடுங்கள். காலையில் பேசும் நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். கைத்தொலைபேசியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். அதை எடுத்துக் கூப்பிடுவதும், பதில் இல்லாதபோது எழுந்துபோய்ப் பார்ப்பதும் நம்முடைய வேலை.