அமெச்சூர் வானொலி உணர்கொம்புத் துணைக்கருவிகள் (வீட்டுச் செய்முறை)

அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்றில் அலைபரப்பிக்கும் வானவெளிக்கும் இடையில் நிற்பது உணர்கொம்பு, அதாவது ஆன்டெனா. அதன் காப்பிகள், நடு இணைப்பு, ஊட்டுவடம், தடுப்புச் சுருள், சோதனைச் சுமை ஆகியவை துணைக்கருவிகள் எனப்படும். இவற்றுள் பெரும்பாலானவற்றை வன்பொருள் கடையிலும் மின்பொருள் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளலாம். உணர்கொம்பின் திறனைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் உயரமும் சூழலுமே. வாங்கிய விலை அன்று. ஆயினும் எல்லா இடத்திலும் சிக்கனம் பலன் தருவதில்லை.

பின்னணி

அலைபரப்ப அரசின் உரிமம் தேவை. இந்தியாவில் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு இது வழங்கப்படுகிறது. உரிமம் பெற்றவர் தம் கருவியைத் தாமே கட்டிக்கொள்ளலாம் என்பது இத்துறையின் தனித்தன்மை. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆஷார் ஃபர்ஹான் 2003ஆம் ஆண்டளவில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் அலைபரப்பி இதற்கு நல்ல சான்று. அதன் சுருள்களுள் ஒன்று தண்ணீர்க் குழாய்க்கான நைலான் வாசரின் மீது சுற்றப்பட்டது.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு ஒன்று வானொலித் தொடர்புப் பயணமாக ஏற்கனவே போர்ட் பிளேரில் இருந்தது. பிற தொடர்புகள் துண்டிக்கப்பட்ட நிலையில் இக்குழு அவசரச் செய்திகளைப் பரிமாறியது. கடை எதுவும் திறந்திராத நேரத்தில், கிடைத்த கம்பியைக் கொண்டு உணர்கொம்பு கட்டத் தெரிந்திருப்பதன் பயன் இத்தகைய சூழலில்தான் விளங்கும்.

அடிப்படைக் கணக்கு

தொடக்கநிலையினருக்கு ஏற்றது அரை அலை இருமுனை உணர்கொம்பு ஆகும். கொம்பு என்று பெயரிருந்தாலும் இது நடுவில் வெட்டப்பட்ட ஒரு கம்பிதான். 143ஐ மெகாஹெர்ட்சில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு இது 20.14 மீட்டர்; ஒரு பக்கத்திற்கு 10.07 மீட்டர். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமானது. நெகிழி உறையுடன் பயன்படுத்தினால் நீளம் ஓரிரு விழுக்காடு குறைய வேண்டியிருக்கும். எனவே முதலில் 20.7 மீட்டர் அளவுக்கு வெட்டிக்கொண்டு, பிறகு நுனிகளைச் சிறிது சிறிதாக மடக்கிச் சரிசெய்வது நல்லது. மடக்கியதைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. இந்த அதிர்வெண்ணில் மொத்த நீளத்தை 10 செ.மீ. குறைத்தால் ஒத்திசைவு சுமார் 35 கிலோஹெர்ட்சு மேலேறும்.

மொட்டைமாடியிலிருந்து 6 அல்லது 7 மீட்டர் உயரத்தில் கட்டிய இத்தகைய உணர்கொம்பு, ஆற்றலின் பெரும்பகுதியை மேல்நோக்கியே அனுப்பும். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் நன்கு கேட்கும். தொலைநாட்டுத் தொடர்பு விரும்புவோர் இதைக் குறையாகக் கருதுவர். மாநிலத்துக்குள் பேச விரும்புவோருக்கு இதுவே வசதி.

காப்பிகளும் நடு இணைப்பும்

அலைபரப்பும்போது கம்பியின் நுனிகளில் மின்னோட்டம் ஏறத்தாழச் சுழியம். மின்னழுத்தமோ மிக அதிகம். சில பத்து வாட்டுத் திறனிலேயே அது பல நூறு வோல்ட்டை எட்டக்கூடும். ஆகவே நுனியைக் கைக்கெட்டும் உயரத்தில் விடக்கூடாது. பிவிசி குழாயில் 8 செ.மீ. துண்டு வெட்டி, இரு முனைகளிலும் துளையிட்டால் காப்பி ஆயிற்று. பழைய நெகிழிக் காய்கறி வெட்டுப்பலகையும் இதற்கு உதவும்.

மின்கம்பங்களின் இழுகம்பியில் காணப்படும் முட்டை வடிவப் பீங்கான் காப்பி இவற்றைவிடச் சிறந்தது. அதில் இரு கம்பி வளையங்களும் ஒன்றினுள் ஒன்றாகக் கோர்க்கப்படுவதால், பீங்கான் உடைந்தாலும் கம்பி கீழே விழாது. நடு இணைப்புக்கு ஒரு பலகைத்துண்டு போதும். ஆனால் கம்பியின் இழுவிசை பற்றாசு வைத்த இடத்தில் விழாமல், பலகையின் துளைகளில் விழுமாறு கட்டவேண்டும். ஊட்டுவடத்தின் எடையையும் பலகையே தாங்கவேண்டும்.

தடுப்புச் சுருள்

இருமுனை உணர்கொம்பின் இரு பாதிகளும் சமச்சீரானவை. ஓரச்சு வடம் அவ்வாறன்று. இரண்டையும் நேரடியாக இணைத்தால் பின்னல் உறையின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் பாயத் தொடங்கும். அப்போது வடமே மூன்றாவது கம்பியாகி அலைபரப்பும். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் குறுக்கீடு, ஒலிவாங்கியைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு முதலியன ஏற்படலாம். இதைத் தடுப்பது வானொலி அன்பர்கள் பேலன் என அழைக்கும் கருவி ஆகும். பேலனில் பல வகை உண்டு. மலிவானது, வடத்தையே சுருளாகச் சுற்றுவது.

வடிகாலுக்குப் பயன்படும் 110 மி.மீ. பிவிசி குழாயின் மீது, 5 மி.மீ. தடிமனுள்ள ஆர்ஜி-58 வடத்தை 12 சுற்று நெருக்கமாகச் சுற்றவேண்டும். இதற்குச் சுமார் 4.4 மீட்டர் வடம் செலவாகும். இச்சுருளின் தூண்டம் ஏறத்தாழ 17 மைக்ரோஹென்றி, 7.1 மெகாஹெர்ட்சில் இது 750 ஓம் மறுப்பைத் தரும். வடத்தின் உள்ளே செல்லும் ஆற்றல் இந்த மறுப்பை உணர்வதே இல்லை. நடுக்கடத்தியிலும் உறையின் உட்புறத்திலும் மின்னோட்டங்கள் எதிரெதிராகப் பாய்வதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. உறையின் வெளிப்புற மின்னோட்டம் மட்டுமே தடுக்கப்படுகிறது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. சுற்றுகளுக்கிடையே உள்ள கொண்மத்தால் சுருள் ஓர் அதிர்வெண்ணில் ஒத்திசைந்து, அதற்கு வெகுதொலைவில் பயனற்றுப்போகும். பல அலைவரிசைகளுக்கு ஒரே தடுப்பான் வேண்டுமெனில் பெரைட்டு வளையம் வாங்குவதே சரி. பழைய கணினி வடங்களிலிருந்து கழற்றிய, வகை தெரியாத பெரைட்டு சில நேரம் உதவும். ஆனால் அதைச் சோதிக்காமல் நம்பலாகாது.

தொலைக்காட்சி வடம்

தொலைக்காட்சிக்கான ஆர்ஜி-6 வடம் 75 ஓம். அமெச்சூர் அலைபரப்பிகளோ 50 ஓமுக்கு அமைந்தவை. ஆதலால் இவ்வடம் உதவாது என்ற கருத்து பரவலாக உள்ளது. கணக்கு வேறு கூறுகிறது. வெட்டவெளியில் இருமுனை உணர்கொம்பின் மின்மறுப்பு சுமார் 73 ஓம். 75 ஓம் வடத்துடன் அது நன்கு பொருந்தும். அலைபரப்பியின் முனையில் நிலையலை விகிதம் 1.5, எதிரொளிக்கும் ஆற்றல் 4 விழுக்காடு மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் இதைக் காதால் அறிய முடியாது. அதோடு, ஒரே நீளத்தில் ஆர்ஜி-58 இழக்கும் அளவில் ஏறத்தாழப் பாதியையே ஆர்ஜி-6 இழக்கிறது.

உண்மையான இடர்ப்பாடுகள் வேறு. இதன் உறை பெரும்பாலும் அலுமினியமாதலால் பற்றாசு ஒட்டாது. திருகியோ நெருக்கியோ இணைக்கவேண்டும். உட்புறம் நுரைநெகிழியாதலால் இறுக்கமாக வளைத்தால் நடுக்கடத்தி இடம்பெயரும். எனவே மேற்கூறிய சுருளுக்கு இது ஏற்றதன்று.

போலிச் சுமை

அலைபரப்பியைச் சோதிக்கும்போது அலைவரிசையைக் கெடுக்காமலிருக்க, உணர்கொம்புக்குப் பதிலாக 50 ஓம் மின்தடையை இணைப்பர். 2 வாட்டு, 1000 ஓம் மின்தடையங்கள் இருபதைப் பக்க இணைப்பில் அமைத்தால் 50 ஓம், 40 வாட்டுச் சுமை கிடைக்கும். கார்பன் அல்லது உலோக ஆக்சைடுப் படல வகையே வேண்டும். கம்பி சுற்றிய மின்தடையம் தானே ஒரு சுருளாகையால் உயர் அதிர்வெண்ணில் 50 ஓமாக இராது.

சிக்கனம் கூடாத இடங்கள்

வடத்தின் திறந்த முனை வழியே மழைநீர் உறைக்குள் ஊர்ந்து செல்லும். நனைந்த வடத்தை மீட்க முடியாது. தன்னொட்டு இரப்பர் நாடாவால் இணைப்பை மூடவேண்டும். காடி மணம் வீசும் சிலிக்கோன் பசை அசெட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்குமாதலால் அதைத் தவிர்க்கவேண்டும்.

மின்வழங்கற் கம்பிகளுக்கு மேலோ கீழோ உணர்கொம்பு செல்லலாகாது. கம்பமோ கம்பியோ எப்பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவு இருக்கவேண்டும்; உலகெங்கும் அமெச்சூர்கள் உயிரிழந்த விபத்துகளில் இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. இடி முழக்கம் கேட்பதற்கு முன்பே, வானம் இருளும்போதே, வடத்தை அலைபரப்பியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடவேண்டும். நிலத்தொடுப்பு மின்னேற்றத்தைக் கசியவிடும். நேரடி மின்னல் தாக்குதலை வீட்டில் செய்த எந்தத் துணைக்கருவியும் தாங்காது.