முடி கொட்டுதா? மூணாவது வாரம் ஓடிடாதீங்க!

தேனி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். கூட்டம் குறையற வரைக்கும் காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, ‘அண்ணே... தலையில தடவுற மினாக்ஸிடில் இருக்கா?’ன்னு கேட்டு வாங்கியாச்சு. காலையும் ராத்திரியும் ஒழுங்கா தடவியாச்சு. மூணாவது வாரம் தலையைத் துவட்டினா... துண்டு முழுக்க முடி! ‘போச்சுடா, இருந்ததும் போச்சு’ன்னு பாட்டிலைத் தூக்கி வீசப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

நீங்க கம்பம் பக்கத்து ஆளா இருந்தா விளக்கறது சுலபம். பன்னீர் திராட்சைத் தோட்டத்துல கவாத்து பண்றதைப் பார்த்திருப்பீங்க. முடிஞ்ச அன்னிக்குப் பந்தல் மொட்டையா நிக்கும். வெளியூர்க்காரர் பார்த்தா கொடி செத்துப்போச்சுன்னு நினைப்பார். தோட்டக்காரர் கவலையே படமாட்டார். துளிர் வந்து, காய் பிடிச்சு, பழம் பறிக்க நாலு மாசம் போல ஆகும்னு அவருக்குத் தெரியும்.

தலையிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், மூணு மாசம் போல ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். அதே குழியில் புதுசு முளைக்கும். ஓய்வில் இருக்கிற முடியைச் சீக்கிரமா கிளப்பி விட்டு, அந்தக் குழியை மறுபடி வளர வைக்கிறதுதான் இந்த மருந்தோட வேலை. எப்படியும் விழப்போற முடிதான், கும்பலா விழுது. ஆரம்பிச்ச ரெண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கி, சில வாரத்தில் நின்னுடும். சிலருக்குக் கொட்டவே கொட்டாது. அதுக்கும் டென்ஷன் ஆகாதீங்க!

இன்னொரு சேதி. இது முடிக்காகப் பிறந்த மருந்தே இல்லை. 1979-ல் அமெரிக்காவில் ரத்த அழுத்த மாத்திரையாக அனுமதி வாங்கியது. சாப்பிட்டவங்களுக்குக் கண்ட இடத்திலும் முடி வளர, 1988-ல் ஆண்களின் வழுக்கைக்குத் தடவும் மருந்தாக வந்தது. அதனால ரெண்டு மடங்கு ஊத்தினா ரெண்டு மடங்கு முளைக்கும்ங்கிற விளையாட்டு வேண்டாம். ஒரு வேளைக்கு 1 மில்லி போதும். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. தலையில் அரிப்பு, செதில் வந்தா பெரும்பாலும் திரவத்தில் கலந்திருக்கிற ப்ரொப்பிலீன் கிளைக்கால் செய்யும் வேலை. டாக்டரைக் கேட்டு நுரை வகைக்கு மாறலாம்.

எண்ணெய் வழியுற தலையில் தடவாதீங்க. தடவினா நாலு மணி நேரம் தண்ணி படக்கூடாது, அதனால சுருளி அருவிக்குக் கிளம்பற காலையில் தடவறது வேஸ்ட். காய்ஞ்ச பிறகுதான் ஹெல்மெட், காய்ஞ்ச பிறகுதான் தலையணை. இல்லைன்னா கன்னத்துல முடி முளைக்கும்!

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நிறுத்தினா, அது தந்த முடியும் மூணு நாலு மாசத்தில் போயிடும். 60 மில்லி பாட்டில் சரியா ஒரு மாசத்துக்கு. அப்படின்னா வருஷத்துக்குப் பன்னிரண்டு பாட்டில், வருஷக்கணக்கா. மெஸ் பில்லோட சேர்த்து அதை யார் கட்டுவாங்கன்னு மூடியைத் திறக்கும் முன்னாடியே யோசிங்க. ‘ரெண்டு மாசம் போட்டுப் பார்ப்போம்’னா ஆரம்பிக்காம இருக்கறதே மேல். என்னைக் கேட்டா, மொட்டை போட்டுக்கிட்டு ஜாலியா திரியறதும் கௌரவமான முடிவுதான்.

உங்களுக்கு இந்த மருந்தே தேவைப்படாமலும் இருக்கலாம். டெங்கு, டைஃபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டினா, அது தானா திரும்பி வரும். வட்டமா ஒரே இடத்தில் போனா பூச்சிவெட்டு, அதுக்கு வைத்தியம் வேற. தோழிகளே, உங்களுக்கு ரத்தசோகை, தைராய்டு காரணமா இருக்கலாம். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கு. ஒரு காலைப்பொழுது செலவு பண்ணிக் காட்டிட்டு வாங்க. கடைக்காரர் கொடுக்கும் பாட்டிலில் ஃபினாஸ்டரைடு என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கலாம், லேபிளைப் படிங்க.

நாலாவது மாசம் முதலில் வர்றது பூனை முடிதான். மெல்லிசா, வெளிறிப்போய் இருக்கும். கண்ணாடியில் தெரியாது. வெயில்ல நின்னு ரூம்மேட்டைப் பார்க்கச் சொல்லுங்க. பூனைன்னதும் ஞாபகம் வருது... வீட்ல நிஜப் பூனை இருந்தா உங்க தலையை நக்க விடாதீங்க, இந்த மருந்து அதுக்கு விஷம்!