தமிழ்ச் சொல்லும் கணினியின் எண்ணிக்கையும்: லினக்ஸில் நிரல் எழுதத் தொடங்குவோர்க்கு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடுமஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் கணிசமாக வாழ்ந்து வருகின்றனர். இவர்தம் பிள்ளைகள் பயிலும் தமிழ்வழி வகுப்புகளிலும் கணினிக் கல்வி ஒரு பாடமாகும். அங்குள்ள கணினிகள் பொதுவாக இயங்குவது, கடைகளில் மிகுதியாகக் காணப்படும் விண்டோஸ் இயங்குதளத்தில் அன்று. குனூ/லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்திலேயாம்.

கேரள அரசு 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டளவில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட நிரல்கள் லினக்ஸில் நேரே இயங்குவதில்லை. இஃது ஒரு குறையாகத் தோன்றலாம். எனினும், புதிய நிரல் எழுதுவதற்கு வேண்டிய கருவிகள் பல லினக்ஸுடனேயே வருகின்றன. ஆகவே, தொடங்குவோர் எதனையும் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

தொடங்கும் முறை எளிது. முதலாவதாக, அமைப்புப் பகுதியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். அடுத்து, உரை எழுதும் செயலியைத் திறந்து, பைத்தான் மொழியின் 'பிரின்ட்' ஆணையை எழுதி, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறியிட்டுத் 'தமிழ்' என்னும் சொல்லை அமைத்தல் வேண்டும். ஆணைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் இடுதல் அவசியம். கோப்பின் பெயர் புள்ளியிட்டுப் 'பி', 'ஒய்' என்னும் எழுத்துக்களில் முடிய வேண்டும். பின்னர், டெர்மினல் சாளரத்தில், கோப்பு உள்ள இடத்திற்குச் சென்று, பைத்தான்3 என்பதனையும் கோப்பின் பெயரையும் தட்டச்சிட்டால், அச்சொல் திரையில் தோன்றும்.

இனி, 'பிரின்ட்' ஆணைக்குள் 'லென்' என்னும் செயல்கூற்றைச் சேர்த்து, அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால், கணினி 5 என விடை தரும். இலக்கணம் பயின்ற மாணவனோ த, மி, ழ் என எண்ணி 3 என்பான். இவ்விடத்தில் தமிழ்வழி மாணவன் தன் இலக்கண அறிவே பிழையென எண்ணி மயங்குதல் கூடும். உண்மையில் இருவரும் எண்ணும் பொருள்கள் வேறு.

கணினி எண்ணுவது எழுத்தையன்று, யுனிகோடு குறியெண்களை. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எண் வழங்கும் அம்முறையில், தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு எண்கள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு எண்கள். 'த' ஒன்று. ஆகக் கூடுதல் ஐந்து.

இதற்குப் பரிகாரமும் நிரலிலேயே உண்டு. சொல்லின் ஒவ்வொரு குறியையும் 'ஆர்ட்' என்னும் செயல்கூற்றால் எண்ணாக மாற்றி, 3006 முதல் 3021 வரையுள்ளவற்றை விலக்கிவிட்டு எஞ்சியவற்றை எண்ணுதல் வேண்டும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அவ்வெல்லைக்குள் அடங்கும். 'பாலக்காடு' என்பதற்குக் கணினி முதலில் 9 என்னும்; நான்கு குறிகளை விலக்கியபின் 5 என்னும். 'இடுக்கி' 7இலிருந்து 4 ஆகும். 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துக்களுக்கு மட்டும் தனி விதி சேர்த்தல் வேண்டும்.

இப்பயிற்சியால் விளையும் நன்மைகள் இரண்டு. மாணவன் தன் மொழியறிவைக் கொண்டே கணினியின் விடையைச் சோதித்து, வேண்டியவாறு அமைக்கக் கற்கிறான். பயனாளிகளின் பெயர்களைத் தமிழில் பட்டியலிடும் களப்பணியாளருக்கோ, கட்டங்களில் எழுத்துக்களுக்கு வரம்பு வைக்கும்போது பெயர்கள் இடையே துண்டிக்கப்படுவதன் காரணம் விளங்குகிறது. எனவே ஆசிரியர்கள், மாணவர் தத்தம் ஊர்ப்பெயரை முதலில் கையால் எண்ணி எழுதிய பின்னரே கணினியிடம் கேட்கச் செய்வது நலம்.