கருவிவழிப் புறப்பாடு: தனியார் விமானிகளுக்கான விதிகள்

கருவிவழிப் புறப்பாடு என்பது, வெளியே தெரியும் காட்சியை நம்பாமல், விமானி அறையிலுள்ள கருவிகளைக் கொண்டே ஓடுபாதையிலிருந்து எழும்பி வான்வழித் தடத்தை அடைவதாகும். இதில் சட்டம் அனுமதிப்பதும் பாதுகாப்பானதும் எப்போதும் ஒன்றல்ல.

காரைக்காலில் இயங்கும் விமான நிலையம் இல்லை. அருகிலுள்ள குடிசார் விமான நிலையங்களான புதுச்சேரியும் திருச்சியும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது இக்கரையில் மேகம் தாழ்ந்து நிற்கும். காரைக்காலிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் மழைமேகங்களைக் காட்டும். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதை அது சொல்லாது.

விமான நிலையக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் மேகத்தளம் 1,500 அடிக்குக் கீழே இருந்தாலோ பார்வைத்தூரம் 5 கி.மீ.க்குக் குறைந்தாலோ, சிறப்பு அனுமதியின்றிக் காட்சிவிதிப்படி புறப்பட முடியாது. இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடங்களுக்குப் பிறகும், உள்ளூர், பயிற்சிப் பறப்புகளுக்குத் தரப்படும் விலக்கைத் தவிர, இதே நிலைதான். அப்போது விமானிக்குக் கருவித் தகுதி வேண்டும். பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் அளவுகோலின்படி இதற்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சியும், தலைமை விமானியாக 50 மணி நேர நெடும்பறப்பும் தேவை. பறப்புத் திட்டத்தைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்கள் முன்பே கொடுக்க வேண்டும். வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் பறப்புத் தகவல் மைய எண்ணும் தனி. 2025 ஜனவரி 1 முதல், 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய வாயுயான் அதிநியம் நடைமுறையில் உள்ளது.

அமெரிக்காவில் வாடகைக்கு அல்லாத தனியார் பறப்புக்குப் புறப்படும்போது இவ்வளவு தூரம் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழு மூடுபனியில் எழும்பினாலும் அங்கே அது குற்றமாகாது, அறிவுடைமையும் ஆகாது. இந்தியாவில் குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்த வரம்புக்குக் கீழே விமானி தன் அளவை வைத்துக்கொள்ள முடியாது.

புறப்பாட்டு வழி வரையப்படும் முறையை அறிந்தால் ஆபத்து எங்கே என்பது விளங்கும். ஓடுபாதையின் முடிவில் விமானம் குறைந்தது 5 மீட்டர் உயரத்தில் இருக்கும், அதன்பின் 3.3 விழுக்காடு சாய்வில் ஏறும், 120 மீட்டர் உயரம் எட்டும்வரை திரும்பாது என்று வரைபவர்கள் கொள்கிறார்கள். 3.3 விழுக்காடு என்பது ஒரு கடல்மைலுக்கு 200 அடி. தரைவேகம் 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 300 அடி ஏற வேண்டும். வரைபடத்தில் 5 விழுக்காடு என்று குறித்திருந்தால் ஏறத்தாழ 455 அடி. பின்காற்று தரைவேகத்தைக் கூட்டினால் இந்த எண்ணும் கூடும். இத்தனையும் எல்லா எஞ்சின்களும் ஓடும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது நின்றால் என்ன செய்வது என்பதை வரைபடம் சொல்லாது.

ஓடுபாதை முடிவில் உயரம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி 2018 அக்டோபர் 12 அதிகாலையில் கண்டது. துபாய் நோக்கி 136 பேருடன் எழும்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் லோக்கலைசர் ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. பின் மும்பையில் பத்திரமாக இறங்கியது. அது பெரிய போயிங். சிறு விமானம் அப்படித் தப்பியிருக்கும் என்று எண்ண இடமில்லை.

புதுச்சேரியிலிருந்து இரவில் கிழக்கே எழும்பினால் சற்று நேரத்தில் விளக்கில்லாத வங்காள விரிகுடா. வேகம் கூடும்போது உட்காது அதை மூக்கு உயர்வதாக உணரும். விமானி அறியாமலே மூக்கைத் தாழ்த்துவார். கீழே கடல் இருப்பதும் தெரியாது. செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவியையும் உயரமானியையும் மாறிமாறிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

எழும்பியபின் எஞ்சின் தடுமாறினால், மேகத்தால் மூடிய அதே நிலையத்தில் திரும்ப இறங்க வழியிருக்காது. ஆகவே திருச்சியோ சென்னையோ திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவைப்பது விமானியின் வேலை.